தண்டவாளத்தில் விழும் பனி

போன டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு ராசிபுரத்திலிருந்து என் தங்கையும் அவள் மகளும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகளுக்குப் பத்து வயது. வந்த அன்றே என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை நான் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஓடிவந்து, "பெரியம்மா, கிறிஸ்துமஸ் வந்திருச்சு பாருங்க" என்று திரையைக் காட்டினாள். தண்டவாளங்களின் ஓரமெல்லாம் வெள்ளை. விளக்குச் சரங்கள், பரிசுப் பெட்டிகள், மேலிருந்து மெதுவாக விழும் பனித்துகள். 'சப்வே சர்ஃபர்ஸ்' ஆட்டம் தன் விடுமுறைக்காலப் புதுப்பிப்பை இரவோடு இரவாக இறக்கி வைத்திருந்தது.

சேலத்துப் பக்கத்துக் குழந்தை கண்டிராத பனி அது. இங்கே மார்கழியில் சேர்வராயன் மலைப்பக்கம் விடிகாலையில் ஒரு வெண்திரை தெரியும். வெயில் ஏறினால் அதுவும் இல்லை. வாசலில் கோலம் போடக் குனிகிறவளின் கழுத்தில் இறங்கும் ஈரம்தான் நமக்குப் பனி. இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குத் திரைப்பனி அன்னியமாகப் படவில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அரை மணியும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம். பண்டிகை வந்திருக்கிறது, விளக்கு போட்டிருக்கிறார்கள், விடுமுறை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவர் மட்டும் நிற்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுவரோ ரயிலோ ஒன்றில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பையனை ஒரு காவலாளி நாயோடு துரத்துகிறார். மூன்று தண்டவாளங்கள். விரலை இடம், வலம், மேல், கீழ் என்று இழுத்தால் பையன் விலகுவான், தாவுவான், உருளுவான். எதிரே ரயில்கள். நடுவே காசுகள். போகப்போக வேகம் கூடும். போய்ச்சேர ஊர் கிடையாது, கடக்க எல்லைக்கோடு கிடையாது. மோதி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எழுந்து தொடர வேண்டுமென்றால் ஒரு சாவி கொடுக்க வேண்டும். மறுபடி விழுந்தால் இரண்டு சாவி, அப்புறம் நான்கு, அப்புறம் எட்டு. விழ விழ எழும் விலை இரட்டிக்கும். இந்த விதியை முதன்முதலில் புரிந்துகொண்டபோது சிரித்துவிட்டேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் மாமியாரின் நோய்க்குப் பிறகும் வேலைக்குத் திரும்பிய என் வயதுப் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டாம்.

முடிவிலா ஓட்டம் என்கிற இந்த வகை பிரபலமாகத் தொடங்கியது 2009இல் வந்த 'கேனபால்ட்' என்ற சிறு ஆட்டத்தோடு. 2011இல் 'டெம்பிள் ரன்' அதைக் கைப்பேசிக்கு ஏற்ற விரல்விளையாட்டாக்கியது. கோயிலிலிருந்து சிலையைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன்தான் அதில் நாயகன். காப்பாற்ற வருபவை குரங்குப் பூதங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து போன சிலைகளின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வீரத்தை ரசிப்பது கடினம். ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியா வரை போய் 2014இல்தான் திரும்பினார். அது இருக்கட்டும். 2012 மே மாதம் டென்மார்க்கின் கிலூ, சைபோ நிறுவனங்கள் சேர்ந்து 'சப்வே சர்ஃபர்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டன. 2018இல் கூகுள் பிளே கடையில் 100 கோடிப் பதிவிறக்கங்களைத் தொட்ட முதல் ஆட்டம் அதுதான்.

"இதுக்கெல்லாமா மேடம் விமர்சனம்?" என்று துறை நண்பர் ஒருவர் கேட்டார். நாம் பாடம் நடத்தும் எந்த நூலுக்கும் இத்தனை கைகள் கிடையாது என்பதே என் பதில். அந்தக் கைகளில் கணிசமானவை பெண்களுடையவை, சிறுமிகளுடையவை. அவர்கள் நாள்தோறும் தொடுகிற ஒரு பிரதியை, விளையாட்டுதானே என்று விமர்சனம் கைகழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சமையல் குறிப்பையும் கோலத்தையும் தாலாட்டையும் இப்படித்தான் வெகுகாலம் கைகழுவினோம்.

என் கையில் இருக்கும் கருவி தமிழ் இலக்கணம். அதை வைத்தே பார்க்கிறேன். அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என்று மூன்று. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை முதலானவை. உரிப்பொருள் அங்கே மனிதர்க்கு நேர்வது, அதாவது கூடல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். பாடலுக்குள் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது தொல்காப்பியம் வகுத்த முறை.

இப்போது புதுப்பிப்புக்கு வருவோம். 2013 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கியது இந்த ஆட்டத்தின் உலகச் சுற்றுலா. அதிலிருந்து சில வாரங்களுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறது. ரியோ, ரோம், டோக்கியோ என்று போய் மும்பையும் வந்தது; ஜெய் என்றொரு பையனை அதில் சேர்த்தார்கள். ஹாலோவீனுக்குப் பூசணிக்காய், கிறிஸ்துமஸுக்குப் பனி. நிலம் மாறுகிறது, பொழுது மாறுகிறது, மரமும் விளக்கும் இசையும் மாறுகின்றன. முதலும் கருவும் இத்தனை துல்லியமாக, இத்தனை வேகமாக மாற்றப்படும் பிரதி உலகில் வேறு இருக்குமா தெரியவில்லை. உரி மட்டும் மாறவே இல்லை. எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் ஓட்டம், காசு, மோதல்.

அகப்பாடலில் பருவம் இப்படிச் சும்மா வராது. கார்காலம் வந்தால் போருக்குப் போனவன் திரும்பியாக வேண்டும். மேகம் இருண்டது, முல்லை பூத்தது என்பதெல்லாம் அவன் கொடுத்த வாக்குக்குச் சாட்சி. வரவில்லையென்றால் இது கார் அல்ல என்று தோழி பொய்யாவது சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இலக்கணத்திலும் மார்கழி முன்பனிதான், கூதிரோடு சேர்த்துக் குறிஞ்சிக்கு ஓதப்பட்ட பொழுது. அந்தப் பனியில் நள்ளிரவில் மலைவழியே அவன் வருவது அவளுக்கு அச்சம். பொழுது மாறினால் ஒரு பெண்ணின் நெஞ்சில் ஏதோ மாறியாக வேண்டும் என்பதில் அந்தக் கவிகள் தெளிவாக இருந்தார்கள். காத்திருக்கிறவள் எப்போதும் பெண்தானா என்று அவர்களோடு சண்டை போடலாம், நானே வகுப்பில் போடுகிறேன். பருவத்தை அவர்கள் தோரணமாகத் தொங்கவிடவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் போடுகிறேன்.

இந்த இடத்தில் என் வாதத்தை நானே திருத்திக்கொள்ள வேண்டும். விடுமுறைப் புதுப்பிப்பில் எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் தவறு. வேலை கூடுகிறது. பருவத்துக்கென்று தனியாகச் சில சின்னங்களைத் தண்டவாளத்தில் சிதறி வைப்பார்கள். இத்தனை சேர்த்தால் இது, இன்னும் இத்தனை சேர்த்தால் அது என்று படிப்படியாகப் பரிசு. கெடு உண்டு. இதுபோக அன்றாடம் ஒரு சொல்லின் எழுத்துகளை ஓடியபடியே பொறுக்கும் வேட்டை இருக்கிறது. தொடர்ந்து நாள் தவறாமல் செய்தால் பரிசு வளரும். ஒருநாள் விட்டால் முதலிலிருந்து. ஆக, பண்டிகை என்று வந்தது ஒரு கெடு. எல்லாரும் ஓய்ந்திருக்க வேண்டிய நாளில் வழக்கமான ஓட்டத்துக்கு மேல் கூடுதல் ஓட்டம்.

என் மருமகன் வயதுப் பையன்களுக்கு இது வினோதமாகப் படலாம். பெண்களுக்குப் படாது. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே என் அம்மா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்குவார். வீட்டை ஒட்டடை அடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு பார்த்து, துணி முழுக்கத் துவைத்து, முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்து, பின்னிரவில் கோலப்பொடி சலித்து. அந்த நாளில் அப்பா எங்களை உட்காரவைத்து வானொலி கேட்பார், அவருக்கு விடுமுறை. அம்மாவுக்கு வந்தது புதுப்பிப்பு. அன்றாடச் சமையல் அப்படியே இருக்கும், அதன்மேல் பண்டிகைச் சமையல் ஏறும். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், ஏழு காய்க் குழம்பு, வந்தவர்களுக்குக் காப்பி. நான் இதை நினைவின் இனிப்போடு எழுதத் தொடங்கித்தான் நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் இனிப்பு அவருடைய இடுப்புவலி.

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் வந்தது. ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒருநாளில் செலவிட்டது 299 நிமிடம். அதே வேலை செய்யும் ஆண்கள், 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289 ஆகக் குறைந்தது. மகிழலாம் என்று பார்த்தால் ஆண்களுக்கு 88 ஆகியிருக்கிறது. பெண்ணிடமிருந்து இறங்கிய பத்து நிமிடத்தை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் ஒன்பதை இறக்கி வைத்திருக்கிறார். அது சராசரி நாளின் கணக்கு. தீபாவளிக்கு முந்தின நாளை மட்டும் தனியாக எடுத்தால் எத்தனை என்பதை அவரவர் வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சேலத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீடுவீடாக வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது. கண்ணி கோர்ப்பதும் சின்ன மணிகளை வைத்துப் பற்றவைப்பதும் பெண்கள் தங்கள் வீட்டிலேயே வாங்கிச் செய்யும் வேலை. கூலி நாள்கணக்கில் இல்லை, செய்து கொடுத்த வேலைக்கு ஏற்ப. தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் பட்டறைகளில் வேலை குவியும். யாரோ ஒரு வீட்டில் பண்டிகைக்குப் புதுக்கொலுசு போட்டு ஒரு பிள்ளை ஓடும் என்பதற்காக இந்த வீட்டில் ஒருத்தி பண்டிகைக்கு முந்தின இரவு வரை குனிந்திருப்பாள். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைக்கென்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. வீட்டில் வாங்கிச் செய்பவளை அது எட்டுவதில்லை. என் மாணவிகளில் இந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஐப்பசியில் வகுப்பில் தூங்குவார்கள். ஒருத்தியை எழுப்பிக் கேட்டேன். "சீசன் மேம்" என்றாள். அந்தச் சொல்லை ஆட்டத்தைச் செய்கிறவர்களும் இதே பொருளில்தான் சொல்கிறார்கள்.

கொலுசைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைக்கு அதை அழகுக்கு மட்டும் போடுவதில்லை. அது எங்கே ஓடுகிறது என்று வீட்டுக்குச் சத்தம் சொல்லும். பெண்ணின் ஓட்டத்துக்கு நாம் வைத்த முதல் கண்காணிப்பு அதுதானோ என்று தோன்றும். சங்க காலத்தில் மணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றுவதற்கென்று ஒரு சடங்கே இருந்தது, சிலம்புகழி நோன்பு.

அந்த இலக்கியத்தில் பெண் எங்கேயாவது வீட்டைவிட்டு வெகுதூரம் போகிறாளா என்று மாணவிகள் கேட்பார்கள். போகிறாள், உடன்போக்கில். பாலை நிலத்தில், வெயிலில், அவனோடு. அவளைத் தேடிப் பின்னால் வருவது செவிலித்தாய். வழியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் கேட்டபடி, கால் நோக நடந்து வருவாள். அவளுடைய துயரங்களில் ஒன்று, தன் வீட்டில் நடந்திருக்க வேண்டிய சிலம்புகழி நோன்பு அவன் வீட்டில் நடக்கிறதே என்பது. ஓடுகிறவளும் பெண், தேடி வருகிறவளும் பெண். அந்த ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, போய்ச்சேர ஓர் ஊரும் இருக்கிறது. திரையில் ஓடுகிற உருவத்துக்கு இரண்டும் இல்லை.

உருவம் என்றுதான் எழுதினேன். அது யார் உருவம் என்பதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 2015 மார்ச்சில் 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் 12 வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தி ஒரு கட்டுரை எழுதினாள். ஆப்பிள் கடையில் முன்னணியில் இருந்த 50 முடிவிலா ஓட்ட ஆட்டங்களை அவள் இறக்கிப் பார்த்துக் கணக்கெடுத்திருந்தாள். ஆணா பெண்ணா என்று தெரியும் பாத்திரங்கள் உள்ள ஆட்டங்களில் 98 சதவீதத்தில் ஆண் பாத்திரம் இருந்தது, பெண் பாத்திரம் 46 சதவீதத்தில்தான். ஆணாக இலவசமாக ஓட விடுபவை 90 சதவீதம், பெண்ணாக இலவசமாக ஓட விடுபவை 15 சதவீதம். காசு கொடுத்துப் பெண்ணாக வேண்டுமென்றால் சராசரியாக ஏழரை டாலர் ஆனது. டிஸ்னியின் ஒரு 'டெம்பிள் ரன்' ஆட்டத்தில் கிட்டத்தட்ட 30 டாலர்.

முதல் 'டெம்பிள் ரன்'னில் தொடக்கத்தில் கிடைப்பவன் கை டேஞ்சரஸ். ஸ்கார்லெட் ஃபாக்ஸ் என்ற பெண் வேண்டுமென்றால் ஆட்டத்தில் ஓடிச் சேர்த்த 10,000 காசு. பெண்ணாக ஓடுவதற்கு முதலில் ஆணாக 10,000 காசு ஓடிச் சம்பாதிக்க வேண்டும். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் ஒரு கணவனும் மனைவியும், கீத் ஷெப்பர்ட், நட்டாலியா லுக்யானோவா. ஒரு பெண் உட்கார்ந்து உருவாக்கியதிலும் இயல்பான மனிதன் ஆணாகவே வந்திருக்கிறான். இதை அவரைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. கவிதை எழுதத் தொடங்கிய நாட்களில் என் கவிதைகளில் நடந்து போகும் மனிதர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்ததை நானே பத்து ஆண்டு கழித்துத்தான் கண்டேன். சிறுமியின் கட்டுரைக்குப் பிறகு ஒரு பெண் பாத்திரத்தை இலவசமாகத் தருவதாக லுக்யானோவா சொன்னார். டிஸ்னியும் விலையை விலக்கியது. ஒரு குழந்தையின் கணக்கெடுப்புக்கு இத்தனை பலன் கிடைத்த விமர்சனம் பெரியவர்களுடையதில் அதிகம் இல்லை.

'சப்வே சர்ஃபர்ஸ்' ஆட்டத்தில் தொடக்கத்தில் கையில் கிடைப்பவன் ஜேக். கூட்டாளியான ட்ரிக்கி என்ற பெண்ணை விடுவிக்க அவளுடைய தொப்பிகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். கடினமில்லை, ஆனாலும் வரிசை அதுதான். பருவப் புதுப்பிப்புகளில் பெண்கள் தாராளமாக வருகிறார்கள். ஆரம்பகாலக் கிறிஸ்துமஸ் ஒன்றுக்கு ட்ரிக்கியே சாண்டாவின் குட்டி உதவியாள் வேடத்தில் வந்தாள். கவனித்தால் இது ஒரு சலுகை போலத் தோன்றும். அன்றாடத்தில் ஓடுகிறவன் ஆண். பண்டிகைக்கு அலங்காரத்தோடு, குறிப்பிட்ட நாள் வரை, விலையோடு வருகிறவள் பெண். அதிலும் அவள் ஏற்ற வேடம் என்ன? பரிசுகளைக் கட்டிக்கொடுக்கும் உதவியாள். ஊர் ஊராகப் போய்க் கொடுத்துப் பெயர் வாங்குவது தாத்தா.

எங்கள் ஊரில் ஆடிப் பண்டிகையில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை நடக்கும். வண்டிகளில் தெய்வ வேடமிட்டவர்கள் ஊர்வலமாக வருவார்கள், தெருவே விளக்காக இருக்கும். சிறுவயதிலிருந்து நான் பார்த்த வண்டிகளில் அம்மன் வேடத்திலும் ஆண்களே நின்றார்கள். நகையும் பட்டும் கண்மையும் அவ்வளவு பொருந்தி வரும். ரசித்திருக்கிறேன், இப்போதும் ரசிப்பேன். கூட்டத்தில் என் அருகே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்த பெண்களில் ஒருத்தியாவது அந்த வண்டியில் ஏறினால் எப்படி நிற்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பெண்ணுரு பண்டிகைக்கு வேண்டும், பெண் வேண்டாம் என்பது டென்மார்க்கில் கண்டுபிடித்ததில்லை.

இதையெல்லாம் அந்த டிசம்பர் இரவில் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவி முடித்து அவளும் என் பக்கத்தில் வந்து சரிந்திருந்தாள். கையில் அவளுடைய கைப்பேசி. பேசிக்கொண்டே போனவள் பதில் இல்லாததால் திரும்பிப் பார்த்தேன். அவளும் அதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தில் பனி.

"நீயுமா?" என்றேன்.

"தினமும் படுக்கறதுக்கு முன்னால பத்து நிமிசம்க்கா. இதுல நான் விழுந்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் ராசிபுரத்தில் கூட்டுக்குடும்பத்தில் இருக்கிறாள். தனியார் பள்ளியில் வேலை. காலை நாலரைக்கு எழுந்தால் அவள் நாளில் விழுவதற்கு இடமே இல்லை. குழம்பில் உப்பு கூடினால் ஒரு வாரம் பேச்சு. பத்து நிமிடம் தன் விரலுக்குக் கீழே ஓர் உடல் தாவுகிறது, தவறுகிறது, மோதுகிறது, மறுபடி தொடங்குகிறது. வயதுக்கு வந்த நாளிலிருந்து தெருவில் ஓடியதில்லை நாங்கள் இருவரும். பேருந்தைப் பிடிக்கக்கூட வேகமாக நடப்போம், ஓடமாட்டோம். அவள் கட்டைவிரல் அன்று ஓடிய வேகத்தை நான் பார்த்தேன். இந்த இன்பத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் நான் எழுதும் எந்த விமர்சனமும் அவளுக்கு இன்னொரு மாமியார் பேச்சாகத்தான் கேட்கும். முதலில் எழுதி வைத்திருந்த பக்கங்களில் இது இல்லை. அவற்றைக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அவளுடைய பத்து நிமிடத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். புதுப்பிப்பு வந்த பிறகு அது பத்து நிமிடமாக இல்லை. மகள் என் கைப்பேசியில் ஆடியது வேறு கணக்கு. சின்னங்களை அவள் சேர்த்து வந்தது அம்மாவின் கைப்பேசியில். விடுமுறைச் சின்னங்களுக்கான கெடு நெருங்கியபோது பிள்ளைக்கு அதில் இன்னும் நூற்றுக்கு மேல் தேவைப்பட்டன. கடைசி நாள் சாயங்காலம் முழுக்க ஓடி ஓடி, சாவியெல்லாம் தீர்ந்து, ஒன்பது மணிக்குக் கண் சொக்கி, "அம்மா, மீதிய நீ முடிச்சிருவியா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அவள் அப்பாவைக் கேட்கவில்லை. அவரும் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார், பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு.

தங்கை மாவு அரைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி பத்தேகால். அவள் ஆடும் முறை அடியோடு மாறியிருந்தது. முந்தின இரவுகளில் ரயில் மேல் ஏறி வேடிக்கையாகத் தாவுவாள், வேண்டுமென்றே போய் மோதுவாள். இப்போது சின்னம் எந்தத் தண்டவாளத்தில் வருகிறது என்பதில் மட்டும் கண். விழுந்தபோது "ச்சே" என்றாள். அந்தச் சொல்லை அதற்கு முன் அவள் அதில் சொல்லிக் கேட்டதில்லை. யாரும் ஒன்றும் சொல்லாத இடத்தில் அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாள். "போதும் விடுடி, காலைல எந்திரிக்கணும்" என்றேன். "புள்ள ஆசையா கேட்டுச்சுக்கா" என்றாள்.

விடுமுறைப் புதுப்பிப்பின் கூலிக்கணக்கு அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஆட்டத்தைச் செய்தவர்கள் இந்த ராசிபுரத்துப் பெண்ணை மனத்தில் வைத்து எதையும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். நாள் தவறாமல் ஆட்களைத் திரும்ப வரவைப்பது அவர்கள் தொழில். குழந்தைக்கு வைத்த கெடு அந்த வீட்டில் யார் மடியில் போய் விழும் என்பதை முடிவு செய்ய அவர்கள் தேவையில்லை. பள்ளி ஆண்டுவிழா உடுப்பு, வீட்டுப்பாடத்துக்கு ஒட்டவேண்டிய படம், காய்ச்சல் மருந்து வேளை, எல்லாம் போகும் வழியில் இதுவும் போனது.

பதினொன்று நாற்பதுக்கு முடித்தாள். முடித்ததற்கான ஒலி வந்தது, அறையில் வேறு சத்தமில்லை. பரிசைத் திறக்கவில்லை. "காலைல அவளே தெறக்கட்டும்" என்று கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு விரல்களைச் சொடக்கிக்கொண்டே எழுந்து போனாள்.

காலையில் நான் எழுந்தபோது அடுக்களையில் இட்லிப் பானை ஏறியிருந்தது. பிள்ளை தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். திரையில் வெளிச்சம் சுழன்று அடங்கியது.

"என்ன வந்திச்சு?" என்று உள்ளிருந்து கேட்டாள் தங்கை.

"வெறும் காசுதான்மா."